அவுக கலர்

தி. நகரில் ஜவுளிக்கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்லாவுக்கு மேலே சாமி படம் மாட்டுவார்கள். சாமி படத்துக்கும் மேலே ஒரு பலகை மாட்டுவார்கள். அதில் "விற்ற சரக்கு திரும்ப வாங்கப்பட மாட்டாது" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சாமிக்கும் மேலே வைத்திருக்கிறார்கள் என்றால் அது எப்பேர்ப்பட்ட வேதம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த வேதத்தை வைத்தே ஒரு கடைக்காரரை மடக்கிய கதை இது. என் பெயர் மர்சலின். சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். கழுத்தில் விசில் மாட்டியே பழகிப்போனதால் எனக்கு மெதுவாகப் பேச வராது.

சண்டை என் தங்கை கிளாடிஸின் கல்யாணப் புடவைக்காக. எங்கள் வீட்டில் ஐந்து பெண்கள். நான் மூத்தவள், அவள் கடைசி. என் யூனிபார்ம் எனக்குப் பின்னால் மூன்று பேர் உடம்பில் ஏறி இறங்கி அவளிடம் வந்து சேரும்போது அது நீலமா, சாம்பலா என்று தைத்த டெய்லராலேயே சொல்ல முடியாது. செருப்பும் அப்படித்தான், குடையும் அப்படித்தான். கோயிலில் முதல் தடவையாக அப்பம் வாங்கும் புது நன்மை அன்றைக்குக்கூடப் பழைய கவுன். பெயரில்தான் புது. "பரவாயில்லக்கா" என்பாள். குழந்தை முதலில் அம்மா என்று சொல்லும் என்பார்கள். இவள் "பரவாயில்லக்கா" என்றுதான் சொல்லியிருப்பாள்.

கல்யாணப் புடவை விஷயத்திலும் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. எங்கள் மாதா கோயிலில் கல்யாணப் பெண் வெள்ளை கட்டுவாள். பெரியம்மாவின் வெள்ளைப் பட்டு ஒன்று அம்மாவின் பீரோவில் கிடந்தது. நான் கட்டியபோதே முந்தியில் கிழிசல். மறைப்பதற்கு அதன்மேல் ஒரு சிலுவை எம்பிராய்டரி போட்டோம். அடுத்த தங்கை கட்டும்போது இன்னொரு கிழிசல், இன்னொரு சிலுவை. நான்காவது கல்யாணத்துக்குள் அது புடவை மாதிரி இல்லை, கல்லறைத் தோட்டம் மாதிரி ஆகிவிட்டது. அம்மா அதைத்தான் கிளாடிஸுக்கும் வெயிலில் காயப்போட்டு எடுத்து வைத்திருந்தாள்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்த கிளாடிஸ், முதல் தடவையாக ஒரு ஆசையைச் சொன்னாள். "அக்கா, எனக்கு முன்னாடி யாரும் கட்டாத ஒரு புடவை வேணும். என் சம்பளத்துலதான்க்கா." கடவுளிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். ஒரு புடவையை.

வெள்ளைப் பட்டு, வெள்ளி ஜரிகை. தி. நகரில் இதைக் கல்யாணத்துக்கு என்று சொன்னால் கடைக்காரர்கள் நம்மைத் திட்டாத குறை. எந்தக் கடையிலும் தயாராக இருக்காது, காஞ்சிபுரத்தில் சொல்லித்தான் நெய்ய வேண்டும். பாண்டி பஜாருக்குப் பக்கத்துத் தெருவில் "வெள்ளைச்சாமி ஜவுளி மாளிகை" என்று ஒரு கடை. முதலாளி வெள்ளைச்சாமி திருநெல்வேலிப் பக்கம். கட்சிக் கரை வேட்டி இல்லாமல் அவரை அவருடைய அம்மாகூடப் பார்த்திருக்க மாட்டாள். ஆர்டர் எடுப்பது, தறிக்காரருக்கு போன் போடுவது எல்லாம் அவர் மனைவி இசக்கியம்மாள். பெரிய மூக்குத்தி, பெரிய மனசு. கிளாடிஸ் "வெள்ளை" என்றதும் அந்த அம்மா வாசலில் பூ விற்கிற தாயம்மாவின் கூடையைக் காட்டினார்.

"இந்த மல்லியப்பூ மாதிரிதான தாயி?"

"ஆமா, வெள்ளை."

"சரி, பால் மாதிரி. சொல்லிருதேன். கவலப்படாம போங்க."

எத்தனை தடவை நாங்கள் வெள்ளை என்றாலும் அந்த அம்மா பூ, பால், சுண்ணாம்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வியாபாரத்தில் இவ்வளவு கவிதையா என்று நான்கூட வியந்தேன். அட்வான்ஸைக் கட்டிவிட்டு வந்தோம். கல்யாணம் சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை. அதைத் தவறவிட்டால் தவக்காலம், ஈஸ்டர் முடிகிறவரை கோயிலில் தாலி ஏறாது. மாப்பிள்ளை ஆதம்பாக்கத்து அல்போன்ஸ், கிண்டி எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர், நல்ல பையன். ஆனால் அதுவரை காத்திருக்கும் அளவுக்கு நல்ல பையன் இல்லை.

பொங்கல் முடிந்ததும் புடவை வந்துவிட்டது என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, விசிலோடு, கிளாடிஸைக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைச்சாமியே பெட்டியைத் திறந்தார். மேலே இருந்த மெல்லிய தாளை கிளாடிஸ் பூ மாதிரி விலக்கினாள்.

உள்ளே கறுப்பு. அமாவாசைக் கறுப்பு. பார்டர் சிவப்பு. முந்தியும் சிவப்பு.

தேர்தல் வரப்போகிற வருஷம். ஊரில் இருக்கிற சுவரெல்லாம் ஏற்கெனவே அந்த நிறத்தில்தான் இருந்தது. என் தங்கையும் ஒரு சுவர் என்று நினைத்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றியது.

"இது எங்க புடவை இல்ல" என்றேன்.

வெள்ளைச்சாமி உள்ளே பார்த்தார். தலையைச் சொறிந்தார். அவர் முகத்திலும் ஆச்சரியம்தான். ஆனால் வியாபாரி இல்லையா, ஆச்சரியத்தைச் சட்டென்று மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

"தறிக்காரன் தப்புப் பண்ணிட்டான் டீச்சரம்மா. சரி விடுங்க. ஆர்டர் கேன்சல். அட்வான்ச வாங்கிக்கிட்டு சந்தோசமாப் போங்க."

"சந்தோசமாவா? கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. திரும்ப நெய்யச் சொல்லுங்க."

"தை மாசம்லா! முகூர்த்தப் பொடவைக்கே தறி கெடைக்க மாட்டேங்கு. இதுல கல்யாணத்துக்கு ஆகாத கலர்ல நெய்யிதுக்கு எவன் இருக்கான்? வேணும்னா இதையே பாதி வெலைக்கு எடுத்துக்கிடுங்க. தேர்தல் சமயம், நல்ல ராசி."

"அவ கோயில்ல கல்யாணம் பண்ணிக்கப் போறாளா, வீடு வீடா ஓட்டுக் கேக்கப் போறாளா?"

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. தறி இல்லாமல் இல்லை. அதே தறியில் நான்கு அரக்குப் புடவை ஓட்டினால் லாபம் அதிகம். எங்கள் வெள்ளையை எங்களைத் தவிர யாரும் வாங்க மாட்டார்கள். தப்பு அவர்களுடையது, அதைச் சரி செய்கிற செலவு அவர்களுக்கு வேண்டாம். ஆகவே ஒரு வார்த்தை, கேன்சல். துடைத்துவிட்டால் முடிந்தது.

கிளாடிஸ் என் முழங்கையைத் தொட்டாள். "பரவாயில்லக்கா. வா போலாம். அதான் பெரியம்மா புடவை இருக்குல்ல." சொல்லும்போது அந்தத் தாளை மறுபடி மடித்து, பெட்டியில் இருந்தபடியே சரியாக வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. இந்த நல்ல பிள்ளைகளால்தான் ஊரில் கடைக்காரர்கள் கெட்டுப்போகிறார்கள்.

வெள்ளைச்சாமி அதற்குள் அடுத்த கிராக்கியிடம் திரும்பி, "வாங்கம்மா, என்ன பாக்குதீய?" என்று ஆரம்பித்துவிட்டார். நான் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினேன். கடையில் புடவை விரித்துக்கொண்டிருந்தவர்கள் விரித்த கையோடு நின்றார்கள். ஒரு அம்மாள் பழக்கதோஷத்தில் நிமிர்ந்து நேராக நின்றாள். என்னிடம் படித்தவளாக இருக்க வேண்டும்.

"ஐயா, மேல ஒரு பலகை மாட்டியிருக்கீங்களே, அதைக் கொஞ்சம் படிங்க."

"அது எல்லாக் கடையிலயும் இருக்கதுதான்."

"நான் படிக்கிறேன். விற்ற சரக்கு திரும்ப வாங்கப்பட மாட்டாது. அதாவது வாங்கினவ மனசு மாறினாலும் சரக்கை மாத்தக் கூடாது. கலர் பிடிக்கலன்னாலும் அவ தலையெழுத்து. சரி, ஒத்துக்கறேன். வித்த சரக்கை நீங்க திரும்ப வாங்க மாட்டீங்க. கொடுத்த வாக்கை மட்டும் எப்படி திரும்ப வாங்கறீங்க? அதுக்கு ஒரு பலகை எங்க?"

வாசலில் தாயம்மா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே வந்தாள்.

"கரீட்டா கேட்டே டீச்சரே! இன்னா நைனா, நானு வாடின பூவ குட்த்துட்டு, கேன்சலு, துட்ட வாங்கிக்கினு போன்னு சொன்னா எவளாவது சும்மா போவாளா? வேற பூ குடுடின்னு கூடைய கவுத்துட மாட்டாளுங்க?"

"நீ பேசாம போ தாயம்மா. இது பூ வியாபாரம் இல்ல."

"ஆமா, இதுல வாசம் கெடையாது. நாத்தந்தான் கீது" என்றாள் தாயம்மா.

நாலு பேர் சிரித்தார்கள். வெள்ளைச்சாமிக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "டீச்சரம்மா, தப்பு எங்க பேர்ல இல்ல. காஞ்சிபுரத்து ஏகாம்பரத்துக்கு கலரு தெளிவாச் சொல்லியாச்சு. ஏளா, நீ என்ன கலர்னு சொன்ன, இவுககிட்ட சொல்லு!"

இசக்கியம்மாள் அதுவரை போனுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது மூக்குத்தியைத் திருகினார்.

"சரியாத்தான் சொன்னேன்."

"அதான், என்ன கலர்னு?"

"அவுக கலர்னு சொன்னேன்."

"எவுக கலரு?"

"அவுகதான்." முகவாயால் புருஷனைச் சுட்டிக் காட்டினார்.

"என் கலரா? எனக்கு ஏதுளா கலரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூ, பால், சுண்ணாம்பு எதுவும் கவிதை இல்லை. கட்டின புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. புருஷன் பெயர் வெள்ளைச்சாமி. அந்த அம்மா வெள்ளை என்ற வார்த்தையையே கல்யாணமான நாளிலிருந்து நாக்கில் வைத்ததில்லை.

"பின்ன என்ன?" என்றார் இசக்கியம்மாள், எங்களைப் பார்த்து. "தாலி கட்டுனவுக பேர சொன்னா ஆயுசு கொறையும்லா? சனிக்கெழமைக்கு மொத நாளக்கூட நான் வியாழனுக்கு மறுநாள்னுதான் சொல்லுவேன். போன எடுத்தா கடைப் பேர சொல்ல மாட்டேன், 'நம்ம கட'ம்பேன். ஏகாம்பரத்துக்கிட்ட, அவுக பேர்ல இருக்குல்லா அந்தக் கலர்னுதான் சொன்னேன். லைன்ல கரகரங்குது. அவன் 'மொதலாளி கலரா'ன்னான். ஆமாடே, அவுக கலர்தான்னேன். 'நெசமாவாம்மா, கல்யாணத்துக்கா'ன்னு ரெண்டு தடவ கேட்டான். அடிச்சுச் சொன்னேன்."

கடை மொத்தமும் ஒரே நேரத்தில் வெள்ளைச்சாமியின் வேட்டிக் கரையைப் பார்த்தது. கறுப்பு. சிவப்பு. காஞ்சிபுரத்து ஏகாம்பரம் முதலாளியைப் பார்த்த நாளெல்லாம் பார்த்த நிறம். பாவம், அந்த மனுஷன் நூல் பிசகாமல் நெய்திருக்கிறார்.

தாயம்மா சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த பூவெல்லாம் கீழே கொட்டியது. கிளாடிஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து. எல்லோரும் சிரித்ததில் வெள்ளைச்சாமிக்குத் தலைக்கு ஏறியது.

"இந்தக் கூறுகெட்டவள போன்ல பேச விட்டது என் தப்பு! இது கட தப்பு இல்ல, பொம்பள தப்பு. கேன்சல்னா கேன்சல்தான்!"

இசக்கியம்மாளின் கை மூக்குத்தியிலேயே நின்றது. கடை திறந்த நாளிலிருந்து ஆர்டர் எடுப்பதும் போன் பேசுவதும் அந்த அம்மாதான். லாபம் வந்தால் நம்ம கடை, தப்பு வந்தால் பொம்பளை. எனக்கு நாக்கு நுனியில் நாலு நல்ல வார்த்தை வந்தது. ஆனால் அதை விழுங்கிவிட்டு அந்த அம்மாவின் பக்கத்தில் போய் நின்று, என்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன்.

"அம்மா, உங்க வாயால சொல்லிருதேன்னு சொன்னதை நம்பித்தான் என் தங்கச்சி போனா. எங்க வீட்ல அவ கடைசி. பொறந்ததுலேர்ந்து எல்லாமே நாங்க போட்டுக் கழிச்சதைத்தான் போட்டிருக்கா. கல்யாணத்தன்னிக்கும் பழசுதானா?"

இசக்கியம்மாள் கிளாடிஸைப் பார்த்தார். "நெசமாவா தாயி?"

நான் 'பரவாயில்ல'வை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அது வரவில்லை.

"ஆமாம்மா" என்றாள் கிளாடிஸ். "எனக்குப் பணம் வேணாம். நான் கேட்ட புடவைதான் வேணும்."

அவள் பிறந்ததிலிருந்து அவள் வாயில் நான் கேட்ட முதல் 'வேணும்' அது. எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. ஜவுளிக்கடையில் இடமில்லை.

இசக்கியம்மாள் போனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சில் காஞ்சிபுரத்துக்கு அர்ஜென்ட் டிரங்க் கால் கேட்டார். வெள்ளைச்சாமி, "ஏளா, போன வையி" என்றார். "பேசாம இருங்க. மத்தியானம் சோறு வேணும்லா?" என்றார் அந்த அம்மா. வெள்ளைச்சாமிக்குச் சோறு வேண்டும் போலிருக்கிறது, பேசாமல் இருந்தார். வந்த கிராக்கிகள் ஒருத்தியும் போகவில்லை. தாயம்மா கீழே விழுந்த பூவைப் பொறுக்கிக்கொண்டே, "கால் வந்திச்சா, கால் வந்திச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தது. இசக்கியம்மாள் கத்தினார். காஞ்சிபுரத்திலிருந்து ஏகாம்பரம் கத்தினது ரிசீவருக்கு வெளியே எங்களுக்கும் கேட்டது.

"ஏகாம்பரம்! அந்தக் கல்யாணப் பொடவ தப்பாயிட்டுடே! பால் கலர்ல வேணும்!"

"பாலாம்மா? பச்சப் பாலா, காய்ச்சின பாலா? காய்ச்சினதுன்னா கொஞ்சம் மஞ்சளா வரும்!"

"மல்லியப்பூடே!"

"மல்லிப்பூ பார்டரா?"

"பார்டர் இல்லடே, பொடவ! பொடவையே சுண்ணாம்பு!"

"சுண்ணாம்பு கலர்ல பொடவையா? யாருக்கும்மா, வெத்தலக் கடைக்காரருக்கா?"

இசக்கியம்மாள் கண்ணை மூடினார். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உதடு அசைந்தது, யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி. பிறகு மெதுவாக, "வெள்ள" என்றார்.

"வெல்லமா? வெல்லக் கலர் நெய்யலாம்மா. பழுப்பா, ஷோக்கா இருக்கும்!"

அவ்வளவுதான். அந்த அம்மா எழுந்து நின்றார்.

"வெள்ளச்சாமி! வெள்ளச்சாமி! எங்க வீட்டுக்காரரு வெள்ளச்சாமி! அதுல சாமியத் தள்ளிட்டு மிச்சத்த நெய்யிடே!"

"ஐயோ அம்மா, வெள்ளையா? மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றது போன். வெள்ளி ஜரிகை, பழைய விலையே, கல்யாணத்துக்கு முந்தின வாரம் கையில் இருக்க வேண்டும், முகூர்த்தப் புடவையெல்லாம் அப்புறம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு இசக்கியம்மாள் போனை வைத்தார்.

எல்லோரும் வெள்ளைச்சாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், ஆயுசு குறைகிறதா என்று. கூரை இடிந்து விழவில்லை. மின்விசிறி நிற்கவில்லை. அந்த மனுஷன் கல்லாவைப் பிடித்தபடி, வாயைத் திறந்தபடி, நன்றாகத்தான் இருந்தார். தன் பெயரை அந்தக் குரலில் அவரும் அன்றைக்குத்தான் முதலில் கேட்கிறார்.

இசக்கியம்மாளும் அவரைச் சந்தேகமாக ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்று நிச்சயமானதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வெள்ளச்சாமி, அந்தத் தண்ணிச் செம்ப இங்கிட்டு எடுங்க. தொண்ட வறண்டு போச்சு."

அவர் எடுத்துக் கொடுத்தார்.

சொன்ன வாரத்தில் புடவை வந்தது. மல்லிகையும் இல்லை, பாலும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. வெள்ளை. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பீரோவில் இருந்த கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. கிளாடிஸ் கட்டினப்புறம் உன் மகளுக்கு ஆகும்" என்றாள். என் அம்மாவைத் திருத்த அந்த ஆண்டவரே மறுபடி இறங்கி வர வேண்டும்.

கல்யாணத்துக்கு இசக்கியம்மாளும் வந்திருந்தார். அந்தக் கறுப்பு சிவப்புப் பட்டைக் கட்டிக்கொண்டுதான் வந்தார். விற்காத சரக்கை என்ன செய்வது? வாசலில் நின்ற எங்கள் சாமியார் யாரோ வேட்பாளர் என்று நினைத்துக் கும்பிடு போட்டுவிட்டார். கூட வந்த வெள்ளைச்சாமி கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். "வெள்ளச்சாமி, தள்ளி உக்காருங்க" என்று அந்த அம்மா சொன்னது பீடம் வரை கேட்டது.

கிளாடிஸ் பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற நான் அப்போதுதான் பார்த்தேன். புது முந்தியின் ஓரத்தில் கடையின் அட்டை நூலில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. "வெள்ளைச்சாமி ஜவுளி மாளிகை" என்று கோயிலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரி. போச்சுடா, பிய்க்க மறந்துவிட்டோமே என்று பதறி, யாரும் பார்க்காமல் குனிந்து கையை நீட்டினேன். கிளாடிஸ் திரும்பாமலே என் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"விடுக்கா" என்றாள். "மறக்கல. நான்தான் பிய்க்காம வெச்சேன்."